விழிஞ்ஞத்துக் கரையில் அம்மை குத்திய வரலாறு

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்துள்ள விழிஞ்ஞம், பழங்காலத்தில் ஆய் மன்னர்களின் துறைமுக நகரமாக விளங்கியது. பாண்டியரும் சோழரும் அதனைக் கைக்கொள்ளப் படையெடுத்து வந்தனர். 2025-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் அங்கே புதிய பெருந்துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இன்றும் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் கரை அது. மக்கள் வந்து போகும் இத்தகைய இடங்களில் பண்டங்களுடன் நோயும் வந்து இறங்குவது பண்டைக்காலம் முதல் உள்ள வழக்கமே.

அந்நோய்களுள் மிகக் கொடியது வைசூரி எனப்பட்ட பெரியம்மை. அது கண்டவர்களில் ஏறத்தாழ பத்தில் மூவர் மாண்டனர். பிழைத்தோர் பலர் முகவடுவுடனும், சிலர் கண்ணொளி இழந்தும் வாழ்ந்தனர். 1796-இல் எட்வர்ட் ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர், பசுவம்மையின் பாலைக் கையிற் கீறிச் செலுத்தினால் பெரியம்மை அணுகாது எனக் கண்டறிந்தார். குளிர்ப்பதனப் பெட்டி இல்லாத அக்காலத்தில், ஒருவர் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து நீரெடுத்து அடுத்தவர் கையில் குத்துவர். இவ்வாறு கைமாறிக் கைமாறிப் பாக்தாது, பஸ்ரா வழியாக வந்த அம்மைப்பால், 1802-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்குக் குத்தப்பட்டது.

இக்கலை திருவிதாங்கூருக்கு 1813-இல் வந்தது. விழிஞ்ஞமும் இன்றைய குமரி மாவட்டமும் அன்று அந்த ஒரே அரசின்கீழ் இருந்தன. அம்மை தெய்வத்தின் சீற்றம் என்று நம்பிய மக்கள் தயங்கினர். அரசி கௌரி லட்சுமி பாய் ஆணை பிறப்பித்ததோடு நில்லாமல், தாமும் தம் குடும்பத்தாரும் முதலில் குத்திக்கொண்டார். ஆட்சியாளர் கை நீட்டியதைக் கண்டு மக்களின் அச்சம் மெல்லத் தணிந்தது. பின்னர் 1879-இல், அரசு ஊழியருக்கும் மாணவருக்கும் சிறைக்கைதிகளுக்கும் அம்மை குத்துதல் கட்டாயமாக்கப்பட்டது. முதலில் நம்பிக்கை, அதன்பின் சட்டம் என்னும் இவ்வரிசை நாம் கருதத்தக்கது.

அம்முயற்சிகளின் முடிவை உலகம் கண்டது. 1975-ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் பின் இந்தியாவில் பெரியம்மை தோன்றவில்லை. 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்தது என அறிவித்தது. இளம்பிள்ளை வாதமும் 2011 ஜனவரியில் கண்ட கடைசி நோயாளியோடு நம் நாட்டில் நின்றது. 2014 மார்ச்சில் அதற்குச் சான்று கிடைத்தது.

ஆயினும், நேயர்களே, வென்ற நோயெல்லாம் திரும்பி வாராது என்று எண்ணிவிடலாகாது. தடுப்பூசி பெறாத குழந்தைகள் மிகுந்தபோது, 2016-இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் தொண்டை அடைப்பான் மீண்டும் தலையெடுத்தது. 2022-இல் அதே மாவட்டத்தில் தட்டம்மை பரவியது. தட்டம்மை காற்றில் பரவுவது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் காப்புப் பெற்றாலன்றி அதனைத் தடுத்து நிறுத்த இயலாது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இச்செய்தி இரட்டிப்பாக உரியது. தட்டம்மை ஊசியின் முதல் தவணை ஒன்பதாம் மாதத்தில். இரண்டாவது பதினாறு முதல் இருபத்து நான்கு மாதங்களுக்குள். இடையில் தொழிலுக்காகக் குடும்பம் ஊர் மாறுமாயின், இரண்டாம் தவணை மறந்துபோவது எளிது. பிறந்த ஊரின் மருத்துவமனை ஒருபுறம், புதிய ஊரின் மொழி ஒருபுறம் எனத் தாய் திகைக்கிறாள். ஆனால் அரசின் தடுப்பூசித் திட்டம் நாடெங்கும் ஒன்றே. அரசு நிலையங்களில் அது இலவசமே. தாய்-சேய் பாதுகாப்பு அட்டையைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். புதிய ஊரில் அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அதனைக் காட்டுங்கள். தவணை தவறியிருந்தாலும் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அன்று அரண்மனை கை நீட்டிக் காட்டியது. இன்று அந்தப் பொறுப்பு ஒவ்வொரு வீட்டின் பெற்றோரிடம் வந்திருக்கிறது. மூட்டை கட்டும்போது பாத்திரங்களோடு அந்த அட்டையையும் எடுத்துவைப்பது, குழந்தைக்கு நாம் தரும் காப்பாகும்.