குதிரைக் கவசத்தின் விலை இரண்டரை டாலர்

2025 ஏப்ரல் கடைசியில் நண்பர் ஒருவர் வீட்டில் ஆப்லிவியன் ரீமாஸ்டர்டு ஓடிக்கொண்டிருந்தது. 2006ல் வந்த கேமுக்குப் புது மெருகு பூசித் திரும்ப விட்டிருக்கிறார்கள். நண்பர் வாங்கியது டீலக்ஸ் பதிப்பு, அமெரிக்க விலையில் சாதாரணப் பதிப்பைவிட 10 டாலர் அதிகம். அப்படி என்னதான் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்று பட்டியலைப் பார்த்தால், நடுவில் குதிரைக் கவசம். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம்.

கூட வந்திருந்த என் அக்கா பையனுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. வயது பதினாலு. "குதிரைக்கு ஸ்கின் குடுக்கிறாங்க, அவ்வளவுதானே. இதுல என்ன மாமா சிரிப்பு?" என்றான்.

விளக்கப் பார்த்தேன், சரியாக வரவில்லை. ஒரு காலத்தில் இதற்காகப் பெரிய சண்டையே நடந்தது என்றால் அவன் நம்பத் தயாராக இல்லை. அன்றைக்கு வாயில் வராததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஆப்லிவியன் வெளியானது 2006 மார்ச் 20. பெதெஸ்டா நிறுவனத்தின் எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் நாலாவது. எக்ஸ்பாக்ஸ் 360க்கு விலை 60 டாலர். அந்தத் தலைமுறையில்தான் 50 டாலர் 60 ஆனது, அந்த எரிச்சல் ஏற்கெனவே இருந்தது. கேம் என்னவோ பிரம்மாண்டம். மாசக்கணக்கில் ஆடினாலும் தீராது. யாரும் விலையைப் பற்றிக் குறை சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 3ம் தேதி, ஒரு சின்ன டவுன்லோடு விற்பனைக்கு வந்தது. குதிரைக்கு இரண்டு வகைக் கவசம். விலை 200 மைக்ரோசாஃப்ட் பாயிண்ட், அதாவது இரண்டரை டாலர். காசு கட்டி இறக்கிக்கொண்டால், கேமுக்குள் தலைநகருக்கு வெளியே ஒரு குதிரை லாயத்தில் இருக்கும் ஆர்க் பெண்மணி உங்கள் குதிரைக்குக் கவசம் பூட்டிவிடுவார். விளையாட்டில் அதனால் சொல்லிக்கொள்ளும்படி பயன் எதுவும் இல்லை. பார்க்க ஜோராக இருக்கும்.

60 டாலருக்கு ஒரு உலகத்தையே கொடுத்தவர்கள், இரண்டரை டாலருக்கு ஒரு குதிரைச் சட்டையைக் கொடுக்கிறார்கள். கணக்குப் போட்டால் 24 குதிரைச் சட்டைக்கு ஒரு ஆப்லிவியன்! ஆட்களுக்கு உறைத்தது இந்த விகிதம்தான். என்னிடம் அப்போது எக்ஸ்பாக்ஸும் கிடையாது, கிரெடிட் கார்டும் கிடையாது. ப்ரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து அடுத்தவர்கள் சண்டையைப் படித்துக்கொண்டிருந்தவன் நான். அந்தக் கோபத்தில் பாதிக்கு மேல் கிண்டல் இருந்தது நன்றாக நினைவிருக்கிறது. நிறுவனமும் அதைப் புரிந்துகொண்டது. 2009 ஏப்ரல் முதல் தேதியை ஒட்டி ஆப்லிவியனின் கூடுதல் சமாச்சாரங்களை எல்லாம் பாதி விலைக்கு விற்றபோது, குதிரைக் கவசத்துக்கு மட்டும் விலையை இரண்டு மடங்காக்கி அவர்களே தங்களைக் கேலி செய்துகொண்டார்கள்.

இடையில் அந்தப் பாயிண்ட் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 80 பாயிண்ட் ஒரு டாலர். ஆனால் 200 பாயிண்ட் மட்டும் தனியாக வாங்க முடியாது, கட்டாகத்தான் வாங்க வேண்டும். 500 வாங்கி 200 செலவழித்தால் மீதி 300 உங்கள் கணக்கில் தூங்கும். தூங்குகிற காசு அடுத்த செலவுக்கு வழி காட்டும். 2013ல் மைக்ரோசாஃப்ட் இந்தப் பாயிண்ட்டைக் கைவிட்டு நேரடியாக டாலருக்கே திரும்பியது. அதற்குள் மற்ற கம்பெனிகள் எல்லாம் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டுவிட்டன.

ஆட்டத்துக்கு நடுவில் காசு கேட்பது 2006ல் பிறந்த பழக்கமும் இல்லை. 1990ல் டபுள் டிராகன் 3 என்று ஒரு ஆர்கேட் மெஷின் வந்தது. கேமுக்குள்ளேயே கடை இருக்கும். உள்ளே நுழைந்து, மெஷினில் நிஜக் காசு போட்டால் புது அடி, புது ஆயுதம், கூடுதல் உயிர், புதுச் சண்டைக்காரன் கிடைக்கும். பிறகு வந்த ஜப்பானியப் பதிப்பில் இந்தக் கடைகளையே தூக்கிவிட்டார்கள். வேறு நாட்டில் காசுக்கு விற்ற சண்டைக்காரர்களை அங்கே ஆரம்பத்திலேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். எனக்கு இது ரொம்பப் பிடித்த தகவல். ஒரே கேமைக் கடையோடும் ஆடலாம், கடை இல்லாமலும் ஆடலாம் என்று 1990லேயே செய்து காட்டியிருக்கிறார்கள். அந்தக் கடை ஆட்டத்துக்கு அவசியமில்லை, கல்லாவுக்குத்தான் அவசியம்.

ஆனாலும் ஆர்கேடில் ஒரு நேர்மை இருந்தது. அந்த மெஷின் காசு தின்னத்தான் அங்கே நிற்கிறது என்று உள்ளே நுழைகிற எல்லோருக்கும் தெரியும். கஷ்டமான கட்டம் வந்தால் அது காசுக்காக வைத்த கஷ்டம் என்பதும் தெரியும். வீட்டில் ஆட ஒரு கேமை முழு விலை கொடுத்து வாங்குகிறவர் இந்த உறவிலிருந்து விடுபடத்தான் அந்த விலையைக் கொடுக்கிறார். இனிமேல் அதில் வருகிற கஷ்டம் எல்லாம் எனக்காக, என் ரசனைக்காக யோசித்து வைத்த கஷ்டம் என்று ஒரு நம்பிக்கை.

குதிரைக் கவசம் அந்த நம்பிக்கையைத் தொடவில்லை. அது இல்லாவிட்டாலும் ஆப்லிவியன் அதே ஆப்லிவியன். நிலைமை மாறியது அடுத்த பத்து வருஷத்தில். 2009 மார்ச்சில் ஃபிஃபா 09க்குக் கூடுதலாக அல்டிமேட் டீம் வந்தது. சீட்டுக்கட்டு மாதிரி பாக்கெட்டைப் பிரித்தால் உள்ளே எந்த ஆட்டக்காரர் இருப்பார் என்று தெரியாது, அதிர்ஷ்டம். நல்ல ஆட்டக்காரர் கிடைத்தால் உங்கள் அணி பலமாகும். 2013 பிப்ரவரியில் டெட் ஸ்பேஸ் 3 வந்தது. அது திகில் கேம். தோட்டா தீர்ந்துவிடுமோ, மருந்து போதாதோ என்கிற பயத்திலேயே ஓடுகிற வகை. அதில் ஆயுதம் செய்யத் தேவையான பொருட்களை நிஜக் காசுக்கு விற்றார்கள். பற்றாக்குறைதான் திகிலே. அந்தப் பற்றாக்குறையிலிருந்து தப்பிக்க வழியும் விற்பனைக்கு இருக்கிறது என்றால், இருட்டில் நிற்கிற ஆளுக்கு ஒரு புதுச் சந்தேகம் வரும்: எனக்குத் தோட்டா குறைவாகக் கிடைப்பது பயமுறுத்தவா, இல்லை காசு பிடுங்கவா?

அளவில்லாச் சாப்பாடு என்று டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கிறீர்கள். சாம்பார் வாளி உங்கள் இலைப் பக்கம் வரவே மாட்டேன் என்கிறது. அப்போது அதே பரிமாறுகிறவர் குனிந்து, "பத்து ரூபா குடுத்தா உடனே ஊத்துறேன் சார்" என்கிறார். பத்து ரூபாய் பெரிய காசில்லை. ஆனால் அதற்கப்புறம் ரசம் தாமதமானாலும் அவர் மேல்தான் சந்தேகம் வரும்.

இந்தச் சந்தேகம் முழுசாக வெடித்தது 2017ல். அந்த அக்டோபரில் மிடில் எர்த்: ஷேடோ ஆஃப் வார் வந்தது. எதிரிப் படையின் ஆர்க் தளபதிகளைத் தேடிப் பிடித்து, வசப்படுத்தி, நம் பக்கம் சேர்ப்பதுதான் அதன் சுவாரசியமே. அதே ஆர்க்குகளைப் பெட்டியில் போட்டு விற்கவும் செய்தார்கள். கதையின் கடைசிப் பகுதி கோட்டையைத் திரும்பத் திரும்பக் காக்கிற இழுவை. பெட்டி விற்கத்தான் இப்படி இழுக்கிறார்கள் என்று ஆடினவர்கள் சொன்னார்கள். அடுத்த வருஷம் ஜூலையில் அந்தக் கடையையே மூடினார்கள். காசுக்கு ஆர்க் கிடைப்பது கேமின் ஆதாரத்தையே கெடுக்கிறது என்று, அதை உருவாக்கிய மோனோலித் நிறுவனமே முன்கூட்டி ஒப்புக்கொண்டது. கடையை மூடியதோடு கடைசிப் பகுதியையும் சுருக்கினார்கள். சந்தேகப்பட்டவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்.

ஆனால் 2017 என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2. 60 டாலர் கேம். டார்த் வேடராக ஆட வேண்டுமென்றால் கேமுக்குள் 60,000 கிரெடிட் சேர்க்க வேண்டும். ஆடியே சேர்த்தால் சுமார் 40 மணி நேரம் ஆகும் என்று ஒருவர் கணக்குப் போட்டார். இன்னொரு பக்கம், நிஜக் காசுக்குப் பெட்டி வாங்கலாம். அதிலிருந்து வரும் அட்டைகள் ஆடுகிறவரின் பலத்தையே கூட்டும். ரெடிட்டில் ஒருவர், 80 டாலர் கொடுத்தும் வேடர் பூட்டிக் கிடக்கிறாரே என்று கேட்டார். கஷ்டப்பட்டுத் திறந்தால்தான் ஆடுகிறவருக்குப் பெருமிதமும் சாதித்த நிறைவும் கிடைக்கும் என்கிற பொருளில் நிறுவனத்தின் தரப்பிலிருந்து பதில் வந்தது. அந்தப் பதிலுக்கு எதிராக 6 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல் வாக்கு விழுந்து, கின்னஸ் சாதனைப் புத்தகம் வரைக்கும் போனது.

அந்தப் பதிலை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். கருத்தளவில் அதில் தப்பே இல்லை. கஷ்டப்பட்டுத் திறந்தால் சந்தோஷம்தான். ஆனால் அதே கஷ்டத்துக்கு மாற்றையும் பக்கத்துக் கவுண்டரில் விற்கிறவர் அதைச் சொல்லக்கூடாது.

அப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. வேடரின் விலையை 75 சதவீதம் குறைத்து 15,000 ஆக்கினார்கள். கூடவே, கதைப் பகுதியை முடித்தால் கிடைக்கும் பரிசு 20,000லிருந்து 5,000 ஆகிவிட்டதையும் ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்! நவம்பர் 16ம் தேதி, உலக வெளியீட்டுக்கு முந்தின நாள், நிஜக் காசு விற்பனையை மொத்தமாக நிறுத்தினார்கள்.

முதலீட்டாளர் கூட்டம் ஒன்றில் அந்த நிறுவனத்தின் நிதி அதிகாரியிடம், பலத்தை விற்காமல் வெறும் தோற்றத்தை விற்றிருக்கலாமே என்று கேட்டார்கள். ஸ்டார் வார்ஸ் உலகத்துக்கு ஒரு மரபு இருக்கிறது, ரோஸ் கலர் டார்த் வேடரை யாரும் விரும்ப மாட்டார்கள் என்கிற மாதிரி பதில் சொன்னார். 2018 ஏப்ரலில் நிஜக் காசு விற்பனை திரும்ப வந்தது. இந்தத் தடவை விற்றது தோற்றம் மட்டும்தான். ஆடினவர்களில் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள்.

இங்கேதான் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் வருத்தமும் வருகிறது. 2006ல் பயனே இல்லாத பொருளுக்குக் காசா என்று கேட்டோம். 2018ல் பயனில்லாத பொருளை மட்டும் விற்றுக்கொள்ளுங்கள், நன்றி என்றோம். குதிரைக் கவசம் அப்படியே இருக்கிறது, அதைவிட மோசமானவற்றைப் பார்த்துவிட்டதால் அது நல்ல பிள்ளை ஆகிவிட்டது. நடுவில் ஃபோர்ட்நைட் போன்ற இலவச கேம்கள் வேறு வந்தன. கேம் சும்மா வருகிறது, ஸ்கின்னுக்குக் காசு. அது நியாயமான பேரம், கட்டணமே அதுதான். அந்தக் கடை அப்படியே 60, 70 டாலர் கேமுக்குள் குடியேறியபோது நிறையப் பேர் கவனிக்கவே இல்லை. என் மருமகன் கேம் ஆடத் தொடங்கியதே அந்த இலவசக் கடை வாசலில்தான்.

தோற்றம் மட்டும் விற்றாலும் பிரச்சினை தீர்ந்துவிடுவதில்லை. 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் நாலு கேம்களை ஆராய்ந்தது. விற்பனையை ஏற்கெனவே மாற்றியிருந்த பேட்டில்ஃப்ரண்ட் 2 தப்பித்தது. மற்ற மூன்றின் அதிர்ஷ்டப் பெட்டிகளும் சூதாட்டம் என்றது. அதில் ஃபிஃபா 18 மட்டுமல்ல, ஓவர்வாட்சும் உண்டு. ஓவர்வாட்சின் பெட்டியில் கிடைப்பது உடையும் அலங்காரமும்தான், பலம் எதுவும் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கட்ட வைப்பதைத்தான் ஆணையம் பார்த்தது. 2019 ஜனவரியில் பெல்ஜியத்தில் ஃபிஃபா பாயிண்ட் விற்பனை நின்றது. நெதர்லாந்து ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது, 2022ல் மேல்நீதிமன்றத்தில் அது ரத்தானது. இடையில் 2021 நிதியாண்டில் மட்டும் அல்டிமேட் டீம் வகையறா கேம்களில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்கு வந்த வருமானம் 162 கோடி டாலர். கேம் தயாரிக்கச் செலவு ஏறிவிட்டது என்று நிறுவனங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் இந்த 162 கோடி செலவை ஈடுகட்ட வந்த காசு என்று என்னால் நம்ப முடியவில்லை.

இதையெல்லாம் போன வாரம் மருமகனிடம் சொன்னேன். டார்த் வேடர் கதையைக் கவனமாகக் கேட்டான். "காசு கட்டினவனுக்கு பவர் ஜாஸ்தின்னா யாரு மாமா ஆடுவா?" என்று அவனுக்கே கோபம் வந்தது. சரி, குதிரைக் கவசம்? "அது சும்மா ஸ்கின்தானே மாமா," என்றான் திரும்பவும். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே கேட்டான்: "இரண்டரை டாலர்னா அப்போ எவ்வளவு ரூபா?"

நூத்தம்பதுக்குள்ள வரும் என்றேன்.

"சீப்புதான்," என்றான்.