ஹபஷாவின் மமித்து: நோயாளிக் கட்டிலில் இருந்து சத்திரசிகிச்சைக் கூடம் வரை

கொஞ்சம் நீண்ட பதிவு. பெண்களின் உடம்பு சம்பந்தப்பட்ட விடயம் என்பதால் எழுதுவதா விடுவதா என்று சில நாட்கள் யோசித்தேன். உம்மாமாரும் ராத்தாமாரும் வாப்பாமாரும் சேர்ந்தே வாசிக்க வேண்டிய வரலாறு இது என்று பட்டது. அதனால் எழுதுகிறேன்.

ஹபஷா என்றவுடன் நமக்கு நஜ்ஜாஷி மன்னரும் முதல் ஹிஜ்ரத்தும்தான் ஞாபகம் வரும். அந்த ஹபஷாவின் பெரும்பகுதிதான் இன்றைய எதியோப்பியா. 1962இல் அங்குள்ள மலைக் கிராமம் ஒன்றிலிருந்து மமித்து காஷே என்ற இளம்பெண்ணைத் தலைநகர் அடிஸ் அபாபாவுக்குக் கொண்டுவந்தார்கள். வயது பதினாறு அளவில் இருக்கும். எழுத வாசிக்கத் தெரியாது. தலைப் பிரசவம். நாட்கணக்கில் வலி இருந்தும் குழந்தை வெளியே வரவில்லை, கடைசியில் உயிரில்லாமல்தான் வந்தது. அதன் பிறகு அந்தப் பிள்ளைக்கு இரவு பகலாகச் சிறுநீர் ஒழுகத் தொடங்கியது.

இந்த நோயைப் பிஸ்டியுலா என்பார்கள். குழந்தையின் தலை இடுப்பெலும்பில் சிக்கி இரண்டு மூன்று நாட்கள் அசையாமல் நின்றால், இடையில் நசுங்கும் மென்மையான தசைக்கு இரத்தம் போகாது. அந்தத் தசை செத்து, சில நாட்களில் கழன்று விழும். சிறுநீர்ப்பைக்கும் பிறப்பு வழிக்கும் நடுவே ஓட்டை விழுந்துவிடும். சிலருக்கு மலவாசல் பக்கமும் விழும். பிறகு கட்டுப்பாடு என்ற ஒன்றே இல்லை. வாடை காரணமாகக் கணவன் விட்டுப்போவான், பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள், வீட்டுக்குப் பின்னால் ஒரு குடிசை கட்டி ஒதுக்கிவிடுவார்கள். ஒழுகுவது குறையட்டும் என்று அந்தப் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைப்பார்கள். அதனால் சிறுநீர் இன்னும் கடுமையாகித் தோல் வெந்துபோகும். வருடக்கணக்கில் சுருண்டு படுத்தே கிடந்து கால் மடங்கிப்போனவர்களும் உண்டு.

புதிய நோய் அல்ல. நாலாயிரம் வருடங்களுக்கு முந்திய ஹென்ஹெனித் என்ற எகிப்தியப் பெண்ணின் மம்மியிலேயே இந்த ஓட்டை இருப்பதை 1935இல் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் இப்னு சீனாவும் தனது அல்-கானூனில் இதைத் தொட்டுச் செல்கிறார். மிக இளவயதில் மணமுடிக்கப்பட்ட பெண்ணுக்குக் கருத்தரிக்காமல் இருக்கும் வழியை வைத்தியர் சொல்லிக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சிசுவின் பருமனால் சிறுநீர்ப்பை கிழிந்துபோகலாம், அதற்கு மருந்தில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். விவாகச் சட்டத்தில் வயதெல்லை பற்றி நாம் முகநூலில் அடித்துக்கொள்ளும்போது இப்னு சீனாவை யாரும் எடுத்துக் காட்டுவதைக் காணவில்லை. இருக்கட்டும்.

மருந்தில்லை என்ற நிலை மாறியது அமெரிக்காவின் அலபாமாவில். மாறிய விதம்தான் நெஞ்சை அடைக்கிறது. மரியன் சிம்ஸ் என்ற வைத்தியர் 1845 முதல் 1849 வரை மொண்ட்கொமரி நகரில் தன் வீட்டு வளவில் அடிமைப் பெண்களை வைத்து இந்தச் சத்திரசிகிச்சையைப் பரீட்சித்துப் பார்த்தார். அனார்ச்சா, பெட்சி, லூசி என்று மூவரின் பெயர் மட்டும் வரலாற்றில் மிஞ்சியிருக்கிறது. சம்மதிக்கவும் மறுக்கவும் அவர்களுக்கு உரிமை கிடையாது. ஈதர் மயக்கமருந்து 1846இலேயே பொஸ்டனில் செய்து காட்டப்பட்டுவிட்டது. ஆனாலும் இவர்களை மயக்கமின்றித்தான் அறுத்தார். அனார்ச்சாவுக்கு மட்டும் சுமார் முப்பது தடவை.

பாடப்புத்தகங்கள் சொல்லாத ஒன்று இதில் இருக்கிறது. ஆரம்பத்தில் உதவிக்கு வந்த மற்ற வைத்தியர்கள் வெற்றியைக் காணாமல் ஒவ்வொருவராக விலகிப்போனார்கள். அதன்பின் சிம்ஸ் அந்த அடிமைப் பெண்களையே உதவியாளராகப் பழக்கினார். இன்று ஒருத்தி மேசையில் கிடப்பாள், மற்றவர்கள் அவளைப் பிடித்துக்கொள்வார்கள், நாளை முறை மாறும். பெண்நோய்ச் சத்திரசிகிச்சையின் முதல் தாதியர் யார் என்று என்னைக் கேட்டால் இவர்களைத்தான் சொல்வேன். சம்பளம் இல்லை, விருப்பமும் இல்லை. சிம்ஸுக்கு நியூயோர்க்கில் சிலை வைத்தார்கள். அது சென்ட்ரல் பார்க்கிலிருந்து அகற்றப்பட 2018 வரை ஆயிற்று.

மேற்கு நாடுகளில் தேர்ந்த மருத்துவமாதுகளும் சிசேரியனும் பரவியதும் நோய் மறைந்தது. நோயோடு அந்தச் சத்திரசிகிச்சை பற்றிய அனுபவமும் மறைந்தது. 1959இல் அவுஸ்திரேலியாவின் கேத்தரின் ஹாம்லினும் அவருடைய கணவர், நியூசிலாந்தைச் சேர்ந்த ரெஜினால்ட் ஹாம்லினும் ஆறு வயது மகனோடு அடிஸ் அபாபாவில் வந்து இறங்கியபோது, இருவரும் மகப்பேற்று வைத்தியர்களாக இருந்தும் ஒரு பிஸ்டியுலா நோயாளியைக்கூடக் கண்டதில்லை. இளவரசி ட்செஹாய் வைத்தியசாலையில் மருத்துவமாதுகளைப் பயிற்றுவிக்க மூன்று வருட ஒப்பந்தத்தில் வந்தவர்கள் அவர்கள். வந்த பிறகுதான் வாசலில் காத்துக் கிடந்த பெண்களைக் கண்டார்கள். பழைய நூல்களைத் தேடிப் படித்தார்கள். கெய்ரோவின் நஜீப் மஹ்பூஸ் பாஷா எழுதியவையும் அவற்றில் அடங்கும். (நொபெல் பரிசு பெற்ற நாவலாசிரியர் நஜீப் மஹ்பூஸுக்குப் பெயர் வந்ததே, அவரது பிரசவத்தைப் பார்த்த இந்த வைத்தியரால்தான்.) படித்து, செய்து, பழகினார்கள். 1975இல் இதற்கென்றே ஒரு தனி வைத்தியசாலையைத் திறந்தார்கள். சிகிச்சை இலவசம். குணமாகி வீடு திரும்பும் பெண்ணுக்குப் புதுச் சட்டையும் கொடுத்து அனுப்புவது அங்குள்ள வழக்கம்.

மமித்துவின் காயம் பாரியது. ஒரு தடவையோடு முடியவில்லை, பல சத்திரசிகிச்சைகள் தேவைப்பட்டன. ஊருக்குத் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கினார். எழும்பி நடக்கத் தொடங்கியதும் படுக்கை விரிப்பு மாற்றினார், மற்ற நோயாளிகளைக் கழுவினார், அழுதவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ரெஜினால்ட் அவரைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் அழைத்து ஆயுதங்களை எடுத்துக்கொடுக்கப் பழக்கினார். பிறகு தையல் நூலை வெட்டக் கொடுத்தார். பிறகு ஊசி.

அந்த வைத்தியசாலையின் தாதி உதவியாளர்கள் முன்னாள் நோயாளிகள். இதை ஏதோ இரக்கத்தில் கொடுத்த வேலை என்று நினைக்க வேண்டாம். சத்திரசிகிச்சையில் ஓட்டையை அடைப்பது பாதி வேலைதான். அதன்பின் சுமார் இரண்டு வாரம் சிறுநீர்ப்பைக்குள் ஒரு கதீற்றர் குழாய் இருக்க வேண்டும். அது இரவில் அடைபட்டோ மடிந்தோ போனால் சிறுநீர்ப்பை நிரம்பி, தைத்த இடம் பிய்ந்துவிடும். எவ்வளவு கெட்டிக்கார வைத்தியர் தைத்திருந்தாலும் சரி. ஆகவே யாராவது கண்விழித்துக் குழாயைப் பார்க்க வேண்டும், கட்டில் நனைந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். தண்ணீருக்குப் பயந்த பெண்ணிடம் "குடி, இனிப் பயமில்லை" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்பவள் தானும் ஒருகாலம் ஒழுகிக்கொண்டு கிடந்தவள் என்றால் அந்தப் பெண் நம்புவாள். வெள்ளைக்கார வைத்தியர் சொன்னால் அரைகுறையாகத்தான் நம்புவாள். அங்கே பத்துப் பேரில் ஒன்பதுக்கும் மேற்பட்டோருக்கு ஓட்டை அடைபட்டதில் இந்தப் பெண்களுக்குப் பெரும் பங்கு இருக்கிறது என்பது என் எண்ணம்.

மமித்து பின்னர் முழுச் சத்திரசிகிச்சையையும் தானே செய்யத் தொடங்கினார். வெளிநாடுகளிலிருந்து பழக வந்த பட்டதாரி வைத்தியர்கள் பாடசாலையே போகாத இந்தப் பெண்ணின் கைகளைப் பார்த்துத் தொழில் படித்தார்கள். 1989இல் இலண்டன் றோயல் சத்திரசிகிச்சைக் கல்லூரியின் தங்கப் பதக்கம் ஹாம்லின் தம்பதியரோடு அவருக்கும் கிடைத்தது. எழுத வாசிக்க அவர் படித்தது இரவுப் பாடசாலையில், பெரியவரான பிறகு.

நம் ஊரில் இப்படி ஒரு நோயை நாம் கேள்விப்படாததற்குக் காரணம் இருக்கிறது. 1879இல் கொழும்பில் டி சொய்சா பிரசவ வைத்தியசாலை திறக்கப்பட்டது, 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு வந்தது. அதிலிருந்து தொடங்கி, வீடு வீடாக வந்து கர்ப்பிணிகளைப் பதிந்த 'மிட்வைப் மிஸ்'மார்தான் இதைத் தடுத்தார்கள். நம் வாசலுக்கும் வந்தவர்கள்தான். ஆனால் நம் வீட்டுப் பிள்ளையை அந்தத் தொழிலுக்கு அனுப்பச் சொன்னால் முகம் மாறிவிடுகிறது. பிரசவ வார்டில் மனைவியைப் பார்க்க நம் பெண்தான் வேண்டும், நம் பாஷை பேச வேண்டும் என்று கேட்கிறோம். உயர்தரம் எழுதிய மகள் தாதியர் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவா என்று கேட்டால் இரவு வேலை, உடுப்பு, மாப்பிள்ளை கிடைக்காது என்று காரணங்களை அடுக்குகிறோம். பெறுபேறு வந்த கிழமைகளில் பெற்றோர் இதைச் சொல்ல ஆசிரியையாக நான் பலமுறை கேட்டிருக்கிறேன். உடுப்பும் போக்குவரத்தும் பேசித் தீர்க்கக்கூடியவை. பேசத் தொடங்குவதே இல்லை.

ரெஜினால்ட் 1993இலும் கேத்தரின் 2020 மார்ச்சில் தனது 96ஆவது வயதிலும் காலமானார்கள். மூன்று வருடத்துக்கு வந்த அந்தப் பெண்மணி இருந்தது அறுபது வருடங்களுக்கு மேல். வைத்தியசாலையும் அதன் கிளைகளும் இதுவரை சிகிச்சையளித்த பெண்கள் 60,000க்கும் அதிகம். ஆனால் அடைக்க அடைக்க ஓட்டைகள் வந்துகொண்டே இருந்தன. ஆகவே 2007இல் கேத்தரின் ஒரு மருத்துவமாது கல்லூரியைத் தொடங்கினார். கிராமப்புறங்களிலிருந்து பெண்பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, நாலு வருடம் படிப்பித்து, அவர்களைத் தங்கள் பகுதிகளுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். 1959இல் அவர்கள் இருவரும் வந்ததும் இந்த வேலைக்குத்தான்.