பேஸ் கிட்டாரின் குரல் எழுந்த கதை

நம் கல்லூரி இசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். "நீ வாசிச்சது காதுலயே விழலையேப்பா!" என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். அது அந்த வாத்தியத்தோடு கூடப் பிறந்த குறை.

1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். அதற்கென்றே 1952-ல் வந்தது பேஸ்மேன் ஆம்ப்ளிஃபயர்: 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, சுமார் 26 வாட். டிரம்ஸுக்கு முன்னால் அது எம்மாத்திரம்?

பேஸின் தடித்த கம்பி நொடிக்குச் சுமார் 41 முறைதான் அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலியை நம் காது லேசில் பிடிக்காது. நிறையக் காற்றைத் தள்ளியாக வேண்டும். வாட்டை இரட்டிப்பாக்கினாலும் 3 டெசிபல்தான் கூடும். சத்தம் இருமடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 மடங்கு வாட் வேண்டும்.

1969-ல் ஆம்பெக் நிறுவனத்தின் எஸ்.வி.டி. வந்தது: 300 வாட், பெட்டிக்கு 10 அங்குல ஸ்பீக்கர் எட்டு. ஸ்பீக்கரின் பின்புற ஒலி, முன்புற ஒலியை அடித்துவிடாதபடி பெட்டியை முழுக்க மூடியிருந்தார்கள். அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தன் அமெரிக்கப் பயணத்தில் அதை மேடையேற்றியது. பேஸ் வாசிப்பவனுக்கும் குரல் கிடைத்தது.

இன்று மேடையேறும் தம்பி தங்கைகளே, பேஸ் குமிழை முழுக்கத் திருகாதீங்க; வாட்டெல்லாம் அதற்கே போய்விடும். மிட் குமிழைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள், கடைசி வரிசைக்கும் கேட்கும்.