சேலை மூட்டையிலிருந்து லைவ் வரை: தமிழ்நாட்டின் சமூக ஊடக வணிகமும் வாடிக்கையாளர் எண்ணும்

சமூக ஊடகம் வழியாகப் பொருள் விற்பது பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒவ்வொரு செயலியையும் தனியே எடுத்து, அதில் எப்படி முன்னேறுவது என்று சொல்கிறார்கள். அவற்றைக் காலவரிசையில் வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. தமிழ்நாட்டின் இணையச் சேலை வணிகம் அப்படிப் பார்ப்பதற்கு ஏற்ற களம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அது ஃபேஸ்புக், வாட்ஸ்அப், மீஷோ, இன்ஸ்டாகிராம், யூடியூப் எனப் பல தளங்களைக் கடந்து வந்துவிட்டது. தளம் மாறும்போதெல்லாம் தாக்குப்பிடிக்கும் வலு, வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணைத் தம் கையில் வைத்திருந்தவர்களிடமே இருந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்த வணிகத்தின் வேர் இணையத்துக்கு முந்தையது. சைக்கிளிலும் பிறகு டிவிஎஸ் 50-யிலும் மூட்டை கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போன தவணைச் சேலை வியாபாரிகள் ஒரு பக்கம். ஈரோட்டுக் கனி மார்க்கெட்டிலோ சூரத்துச் சரக்கு வரும் மொத்தக் கடையிலோ எடுத்துவந்து, வீட்டு பீரோவில் அடுக்கி, அக்கம்பக்கத்தாருக்கும் அலுவலகத் தோழியருக்கும் விற்ற பெண்கள் இன்னொரு பக்கம். இருவருக்கும் கடை இல்லை, பலகை இல்லை. யார் வீட்டில் வளைகாப்பு வருகிறது, யாருக்குக் காட்டன் மட்டும்தான் ஒத்துக்கொள்ளும், யார் மாதம் பிறந்ததும் பாக்கி தருவார் என்ற அறிமுகமே முதல். வாட்ஸ்அப் கைக்கு வந்தபோது இவர்கள் வணிகத்தைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. படம் எடுத்து அனுப்பப் பழகினார்கள், அவ்வளவே.

2016: மூன்று கதவுகள்

தொடக்கத்தில் பணம் பெறுவதுதான் பெரும்பாடு. வாடிக்கையாளர் வங்கிக்குப் போய், விற்பவரின் கணக்கில் பணம் கட்டி, அந்தச் சலானைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். 800 ரூபாய்ச் சேலைக்கு யார் அரை நாளைச் செலவிடுவார்? 2016 ஏப்ரலில் யுபிஐ அறிமுகமானது. செப்டம்பரில் ஜியோ வந்து இணையத் தரவின் விலையைச் சரித்தது. நவம்பர் 8 அன்று அறிவிக்கப்பட்ட பணமதிப்பிழப்பு, ரொக்கத்தையே நம்பியிருந்தவர்களையும் தொலைபேசிப் பரிமாற்றத்தின் பக்கம் தள்ளியது. மறு ஆண்டு செப்டம்பரில் கூகுளின் 'தேஜ்' வந்தது; இன்றைய கூகுள் பே அதுதான். பத்துப் படங்களைத் தயக்கமில்லாமல் அனுப்பவும், உட்கார்ந்த இடத்திலிருந்தே பணம் செலுத்தவும் முடிந்த பிறகே இது வணிகம் என்று சொல்லும் அளவுக்கு வளர்ந்தது.

நான்காவதாக ஒரு காரணம் உண்டு. அது போதிய கவனம் பெறவில்லை. 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி சட்டம், அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற மின்வணிகத் தளங்கள் வழியாகப் பொருள் விற்பவர்களுக்கு, விற்றுமுதல் எவ்வளவு சிறிதானாலும் பதிவைக் கட்டாயமாக்கியது. அதே சேலையை மாநிலத்துக்குள் நேரடியாக விற்பவருக்கோ 20 லட்சம் ரூபாய் வரை, 2019 ஏப்ரலிலிருந்து 40 லட்சம் வரை, அந்தக் கட்டாயம் இல்லை. வீட்டிலிருந்து விற்ற பெண்களைப் பெரிய தளங்களின் வாசலில் நிறுத்தி, வாட்ஸ்அப்பிலேயே வளரச் செய்ததில் இந்த வேறுபாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்றே கருதுகிறேன். மாநிலத்துக்குள் விற்கும் சிறு வணிகருக்கு இதில் தளர்வு கிடைக்க 2023 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மறுவிற்பனைச் சங்கிலி

சேலம் அருகே இளம்பிள்ளை போன்ற நெசவூர்களின் சரக்கு இந்தக் கட்டத்தில் புதிய வழியில் ஓடத் தொடங்கியது. உற்பத்தியாளரோ மொத்த வியாபாரியோ காலையில் குழுவில் படங்களைப் போடுவார்: 'சிங்கிள்ஸ் அவைலபிள், ரீசெல்லர்ஸ் வெல்கம்'. ரீசெல்லர் அதே படத்தில் 50 ரூபாயோ 100 ரூபாயோ கூட்டித் தம் வட்டத்துக்கு அனுப்புவார். ஆர்டர் கிடைத்தால் மொத்த வியாபாரி, ரீசெல்லரின் பெயரை அனுப்புநர் இடத்தில் எழுதி, நேரே வாடிக்கையாளருக்குக் கூரியரில் போட்டுவிடுவார். சேலையைத் தொடாமலே ஒருவர் சேலை வியாபாரி ஆகலாம்.

வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்க முடியும். நம் எண்ணைத் தங்கள் தொலைபேசியில் சேமித்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். இந்தத் தொழில்நுட்பக் கட்டுப்பாடு வணிகத்துக்கு ஒரு ஒழுங்கைத் தந்தது. 'எங்கள் நம்பரை சேவ் செய்துகொள்ளுங்கள்' என்ற வேண்டுகோள் ஒவ்வொரு பார்சலோடும் போனது. விற்பவரின் தொலைபேசியில் 'கரூர் அக்கா காட்டன்', 'தேனி டீச்சர் சாஃப்ட் சில்க்' என்று பெயர்கள் ஏறின. தவணை வியாபாரியின் நோட்டு செய்த வேலையை இந்தப் பெயர்கள் செய்தன.

2015-இல் விதித் ஆத்ரேயும் சஞ்சீவ் பர்ன்வாலும் தொடங்கிய மீஷோ இந்தச் சங்கிலியையே செயலியாக்கியது. 2019-இல் ஃபேஸ்புக் அதில் முதலீடு செய்தது. இந்தியப் புத்தொழில் நிறுவனமொன்றில் ஃபேஸ்புக்கின் முதல் முதலீடு அது. ஆனால் 2021 வாக்கில் மீஷோ நேரடி வாடிக்கையாளரை நோக்கித் திரும்பியது. ரீசெல்லர் அனுப்பிய சேலையை வாங்குபவர் தானே செயலியில் பார்க்கலாம், கூட்டு விலை இல்லாமல். வீட்டிலிருந்த பெண்களின் அறிமுகத்தின் மேல் வளர்ந்த ஒரு தளம், அந்த அறிமுகம் தேவைப்படாத நிலைக்குப் போனது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் திருப்பம் இது.

ஃபேஸ்புக் பக்கங்களை நம்பியவர்களுக்கு அடி அதற்கு முன்பே விழுந்தது. 2018 ஜனவரியில் அந்நிறுவனம் உறவினர், நண்பர்களின் பதிவுகளுக்கு முன்னுரிமை தந்தபோது, வணிகப் பக்கங்களின் பதிவுகள் விளம்பரக் காசு இல்லாமல் எட்டும் தூரம் சுருங்கியது. டிக்டாக்கில் பின்தொடர்வோரைச் சேர்த்தவர்கள் 2020 ஜூன் 29 தடையோடு அவர்கள் அனைவரையும் இழந்தார்கள். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. சேர்த்த கூட்டத்தை அங்கே எடுத்துச் செல்லத்தான் வழியில்லை.

லைவ்

சேலை லைவ் ஒன்றைக் கூர்ந்து பார்த்தால் இந்த வணிகத்தின் தன்மை புரியும். விற்பவர் சேலையை விரித்து உடல், பார்டர், முந்தானை, பிளவுஸ் துணி என்று வரிசையாகக் காட்டுகிறார். கேமராவுக்கு அருகே கொண்டுவந்து, பின்பக்க நூலைத் திருப்பிக் காட்டுகிறார். 'நேரில் ஒரு ஷேட் கூடத் தெரியும்மா' என்று வெளிச்சத்தின் குற்றத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறார். பிறகு கோடு எண், விலை. பார்ப்பவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் திரையிலுள்ள வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புகிறார். முதலில் வந்த படத்துக்கே சேலை. ஆர்டரும் பணமும் லைவ் நடக்கும் தளத்துக்கு வெளியே முடிகின்றன. அதனால்தான் 2022 அக்டோபர் 1 அன்று ஃபேஸ்புக் தன் 'லைவ் ஷாப்பிங்' வசதியை மூடியபோது இங்கே சேலை லைவ்கள் நிற்கவில்லை. அவை அந்த வசதியைச் சார்ந்து இயங்கவே இல்லை.

குறையும் உண்டு. சேதம் என்று சொல்ல வேண்டுமானால், பார்சலைப் பிரிக்கும்போதே இடைவெட்டில்லாத வீடியோ எடுத்திருக்க வேண்டும் என்பது இத்துறையின் பொது நிபந்தனை. போலி ஸ்கிரீன்ஷாட்டிலும் பொய்ப் புகாரிலும் அடிபட்டவர்கள் இதைக் கேட்பது புரிகிறது. ஆனால் தொலைபேசியை ஒரு கையில் பிடித்து மறு கையால் உறையைக் கிழிக்க முடியாத முதியவருக்கு அது நியாயமில்லை. 2020-இன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்ற நெறியை வகுத்துள்ளன. வீட்டு வணிகமும் அதை ஏற்றாக வேண்டும்.

2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த வாட்ஸ்அப் சேனல் பழைய கேள்வியைப் புதிய வடிவில் எழுப்புகிறது. குழுவில் உறுப்பினர் எண்கள் எல்லோருக்கும் தெரியும். போட்டியாளர் உள்ளே நுழைந்து வாடிக்கையாளர்களைப் பொறுக்கிக்கொண்டு போவதுண்டு. சேனலில் அந்தத் தொல்லை இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. ஆனால் தம் தொடர்பில் இல்லாத பின்தொடர்பவரின் எண் விற்பவருக்கும் தெரியாது. எனவே அனுபவமுள்ள வியாபாரிகள் சேனலில் படத்தை மட்டும் போட்டு, அதன் கீழே தம் வாட்ஸ்அப் எண்ணுக்கான இணைப்பை வைக்கிறார்கள். விலை கேட்க வருபவர் அதைத் தொட்டுச் செய்தி அனுப்ப வேண்டும். அனுப்பினால் அவர் எண் வந்துவிடும், ஊரையும் ரசனையையும் சேர்த்து அன்றே சேமித்துக்கொள்கிறார்கள்.