புருவ முடியால் தொட்டுப் பார்த்தவர்கள்

2009-இல் ஒரகடம் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தபோது, அடுக்கி வைத்திருந்த தகடு சரிந்து என் வலது மணிக்கட்டைக் கிழித்துவிட்டது. உள்ளே நரம்பும் அறுந்திருந்தது. தைத்துச் சேர்த்தார்கள். கை ஓடுகிறது, ஆனால் கட்டைவிரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் உணர்ச்சி பாதிதான் திரும்பியது. பையில் இருப்பது ஒரு ரூபாயா இரண்டு ரூபாயா என்று விரல் சொல்லாது. வெளியே எடுத்துக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

போன மாதம் தண்டலத்துக்கு வந்திருந்த பேத்தியிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். அவள் பயோடெக் படிக்கிறாள். "எல்லா செல்லிலும் ஒரே மரபணுதான் என்கிறீர்களே, அப்புறம் ஒரு நரம்பு மட்டும் தொடுவதை அறிய எங்கே கற்றுக்கொண்டது?" அவள் சிரித்துவிட்டு, "அதுக்கு ஒரு புழுவோட கதையைப் படிக்கணும் தாத்தா" என்றாள். படித்தேன்.

புழு ஒரு மில்லிமீட்டர் நீளம். மண்ணில், அழுகும் பழத்தில் பாக்டீரியா தின்று வாழ்வது. தென்னாப்பிரிக்காவில் பிறந்து கேம்பிரிட்ஜில் வேலை பார்த்த சிட்னி பிரென்னர், 1963-இல் நரம்பு மண்டலத்தைப் புரிந்துகொள்ள இதை எடுத்துக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டார். உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால் உள்ளே நடப்பது மைக்ராஸ்கோப்பில் தெரியும். மொத்த நரம்பு செல்கள் 302 தான். புழுவை மெல்லிய சீவல்களாக அறுத்து, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, எந்த செல் எதோடு இணைகிறது என்று ஜான் ஒயிட்டும் கூட்டாளிகளும் வரைபடம் போட்டார்கள். அது அச்சில் வர 1986 ஆகிவிட்டது. அந்த 302 செல்களை 118 வகையாகப் பிரித்தார்கள். இத்தனை சின்னப் புழுவுக்கு 118 வகை!

எனக்குப் பிடித்தது 1970-களின் கடைசியில் அங்கே மார்ட்டின் சால்ஃபியும் ஜான் சல்ஸ்டனும் செய்த வேலை. பல் குத்தும் குச்சி முனையில் ஒரு புருவ முடியை ஒட்டி, அதால் புழுவை மெல்ல வருடினார்கள். நல்ல புழு சட்டென்று விலகும். விலகாத புழுவைத் தனியே எடுத்து வளர்த்து, எந்த மரபணு கெட்டிருக்கிறது என்று தேடினார்கள். ஆயிரக்கணக்கான புழுக்கள், ஒவ்வொன்றாக! எங்கள் கம்பெனி இன்ஸ்பெக்‌ஷன் ஆட்களுக்கும் அந்தப் பொறுமை கிடையாது. 1989-க்குள் தொடு உணர்ச்சிக்கு வேண்டிய 18 மரபணுக்கள் தெரியவந்தன.

மெல்லத் தொடுவதை அறிகிற செல்கள் புழுவுக்கு ஆறே ஆறு. அன்க்-86 என்ற மரபணு கெட்டால் அந்த ஆறும் பிறப்பதே இல்லை. மெக்-3 கெட்டால் செல் பிறக்கும், ஆனால் தொடு செல்லாக மாறாது. இரண்டும் மற்ற மரபணுக்களை முடுக்கிவிடும் சுவிட்சுகள். அவற்றின் புரதங்கள் ஜோடியாக டி.என்.ஏ. மேல் உட்கார்ந்தால்தான் தொடு செல்லுக்கான சாமான்கள் தயாராகும். அன்க்-86 வேறு பல நரம்புகளிலும் உண்டு. மெக்-3 பத்து செல்களில் இருக்கிறது. பத்தில் ஆறுதானே தொடு செல்? தலைப்பக்கம் உள்ள இரண்டில் இந்த ஜோடி இருந்தும், வேறு இரண்டு மரபணுக்கள் குறுக்கே நின்று தடுத்துவிடுகின்றன. அவற்றைக் கெடுத்தால் அந்த இரண்டும் தொடு செல் மாதிரியே ஆகிவிடுகின்றன.

நம் பக்கத்து கார் தொழிற்சாலை லைனைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஸ்டோரில் எல்லாப் பாகமும் இருக்கும். வண்டியோடு வரும் தாளில் உள்ள குறிகள்தான் இது பெட்ரோலா டீசலா, ஸ்டியரிங் வலமா இடமா என்று சொல்லும். ஒரு குறி மட்டும் பார்த்தால் வண்டி தெரியாது, எல்லாம் சேர்ந்தால்தான் தெரியும். 2020-இல் நியூயார்க்கில் ஆலிவர் ஹோபர்ட் குழு, ஹோமியோபாக்ஸ் என்ற ஒரே குடும்பத்துச் சுவிட்சுகளை மட்டும் பார்த்து, 118 வகைக்கும் தனித்தனிச் சேர்க்கை இருப்பதைக் காட்டியது. மெக்-3-யும் அன்க்-86-உம் அந்தக் குடும்பம்தான்.

இனி என் விரல் விஷயம். டில்லி பக்கம் மனேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே அனிந்தியா கோஷ்-ராய் குழு இதே தொடு செல்லின் நீண்ட இழையை லேசரால் அறுத்துப் பார்க்கிறது. அறுந்த இழை வளர்ந்து, துண்டான பகுதியோடு மறுபடி ஒட்டிக்கொண்டால் புழுவுக்குத் தொடு உணர்ச்சி திரும்புகிறது. வயது ஏறினால் இது குறைகிறது. லெட்-7 என்ற குட்டி ஆர்.என்.ஏ. இதற்குத் தடை போடுகிறது என்று 2017-இல் எழுதினார்கள். (இந்தக் குட்டி ஆர்.என்.ஏ. வகையை இதே புழுவில் கண்டுபிடித்ததற்குத்தான் 2024 நோபல்.) 2021-இல் இன்னொன்றும் சொன்னார்கள். அறுபட்ட புழுவை நீந்தவிட்டால் இழை நன்றாக வளர்ந்து உணர்ச்சியும் கூடுதலாகத் திரும்புகிறதாம்.

புழுவுக்கு நடப்பது மனிதனுக்கும் நடக்கும் என்று பேத்தி சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அப்போது பிசியோதெரபி அம்மா தினம் இரண்டு வேளை செய்யச் சொன்ன பயிற்சியை நான் மூன்றே வாரத்தில் விட்டுவிட்டேன். ஷிப்டு, ஓவர்டைம் என்று சாக்கு. அவர் கொடுத்த ரப்பர் பந்து இன்னும் பரணில் கிடக்கிறது.