கல்லின் காரணம்: மரபும் மண்ணும்

சிறுநீரகக் கல் மனித குலத்தை நெடுங்காலமாக வருத்திவரும் நோய்களுள் ஒன்றாகும். சுசுருத சங்கிதை அதனை ‘அஸ்மரி’ என்னும் பெயரால் வகைப்படுத்தி, சிறுநீர்ப்பைக் கல்லை அறுத்தெடுக்கும் முறையையும் விரித்துரைக்கின்றது. சித்த மருத்துவம் ‘கல்லடைப்பு’ என வழங்கி, நெருஞ்சில், சிறுபீளை முதலிய மூலிகைகளை விதித்தது. சிங்கள மக்கள் ‘பொல்பலா’ எனக் காய்ச்சிப் பருகுவதும் அச்சிறுபீளையே. மருந்தில் இத்துணை ஒற்றுமை நிலவியபோதும், கல் ஏன் சிலரிடத்து மட்டும் தோன்றுகின்றது என்னும் வினாவுக்கு விடை காண்பது எளிதாயிருக்கவில்லை. உணவும் நீரும் காரணம் என்பது ஒரு கருத்து. பிறப்போடு வந்தது என்பது மற்றொன்று. பரம்பரையலகுச் சோதனை வளர்ந்துள்ள இக்காலத்தில் பின்னைய கருத்து வலுப்பெற்று வருகின்றது. அது எவ்வளவிற்கு ஏற்புடையது என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்தல் தகும்.

காரணத்தைப் பரம்பரையில் தேடும் முயற்சிக்கு இரசாயனவியலே வழிதிறந்தது. 1810இல் ஆங்கில அறிஞர் வில்லியம் ஹைட் வொலஸ்ரன் அதுவரை அறியப்படாத ஒரு வகைக் கல்லை விவரித்தார். அக்கல்லின் பொருள் பின்னர் ‘சிசுற்றீன்’ எனப் பெயர் பெற்றது. முதன்முதல் அறியப்பட்ட அமினோவமிலங்களுள் அதுவும் ஒன்று. 1817இல் கல் நோய் பற்றி நூலெழுதிய அலெக்சாந்தர் மார்செற், அக்கல் ஒரே குடும்பத்தினரிடையே தோன்றுவதைக் குறிப்பிட்டார். ஆயின் அதற்கு விளக்கம் தரவல்ல கொள்கை அப்போது தோன்றியிருக்கவில்லை. 1866இல் மெண்டல் வெளியிட்ட விதிகளும் 1900 வரை கவனிப்பாரற்றுக் கிடந்தன.

இரண்டையும் இணைத்தவர் இலண்டன் மருத்துவரான ஆர்ச்சிபோல்ட் கறொட் ஆவார். சிறுநீர் கருமையுறும் அரிய நோயொன்றை ஆராய்ந்த அவர், நோயுற்றோரின் பெற்றோர் பெரிதும் ஒன்றுவிட்ட சகோதர உறவினராய் இருத்தலை 1902இல் சுட்டிக்காட்டினார். 1908இல் ஆற்றிய சொற்பொழிவுகளில் சிசுற்றீன் நோயையும் அதனோடு சேர்த்து, இவை பிறவியிலேயே அமைந்த இரசாயனக் குறைகள் என்றார். இத்தகைய பின்னிடைவான நோய்களில், தந்தை வழியாலும் தாய் வழியாலும் குறையுடைய பரம்பரையலகு வந்து சேர்ந்தாலன்றி நோய் வெளிப்படுவதில்லை.

மாமன் மகளையும் மாமி மகனையும் உரிமையோடு மணங்கொள்ளும் மரபுடைய தமிழ்ச் சமுதாயத்துக்கு இவ்வுண்மை நெருக்கமானது. உறவினர் இருவரும் ஒரே மூதாதையிடமிருந்து ஒரே குறையைப் பெற்றிருக்கக்கூடும். எனினும் பிள்ளையின் நோய்க்கு மணமகளின் குடும்பத்தை மட்டும் பழிப்பதற்கு இங்கு இடமேயில்லை. இருபாலாரின் பங்கும் சமமாகும்.

1951இல் டென்ற், றோஸ் என்னும் இருவர், சிசுற்றீன் நோயாளரின் சிறுநீரகம் நான்கு அமினோவமிலங்களை மீள உறிஞ்சத் தவறுகின்றது எனக் காட்டினர். அக்குறைக்குக் காரணமான பரம்பரையலகுகள் 1994இலும் 1999இலும் இனங்காணப்பட்டன. இதனினும் கொடியது, ஈரல் அளவுக்கு மீறி ஒட்சலேற்றை உண்டாக்கும் பரம்பரை நோயாகும். அதன் முதல் வகையில் ஈரலின் நொதியமொன்று குறைவுற்றிருத்தலை 1986இல் டன்பியுரும் ஜெனிங்சும் கண்டறிந்தனர். முன்னர் ஈரலிலிருந்து இழையத்துண்டு எடுத்தே இதனை உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. பரம்பரையலகு அறியப்பட்டபின் சிறிதளவு குருதியே போதுமாயிற்று. 2020இல் ஒட்சலேற்று உற்பத்தியை ஈரலிலேயே தணிக்கும் மருந்தொன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அங்கீகாரம் பெற்றது. பரம்பரையலகுச் சோதனையின் வெற்றி இத்தகைய அரிய நோய்களிலேயே தெளிவாகப் புலப்படுகின்றது.

பொதுவான கல் நோயில் நிலைமை வேறானது. மருத்துவ நிலையங்களை நாடிய 268 நோயாளரிடம் நடாத்தப்பெற்று 2015இல் வெளியான ஆய்வொன்றில், ஏறத்தாழ 15 வீதத்தினரிடமே தனியொரு பரம்பரையலகு காரணமாகக் காணப்பட்டது. ஐஸ்லாந்து, நெதர்லாந்து மக்களை ஆராய்ந்து 2009இல் வெளியான முடிவு இன்னும் சிந்தனைக்குரியது. கல் தோன்றும் வாய்ப்பை மிகுவிக்கும் ஒரு வேறுபாட்டைப் பொதுமக்களுள் 62 வீதத்தினர் பெற்றோர் இருவர் வழியாகவும் கொண்டிருந்தனர். அவர்களுட் பெரும்பாலார்க்குக் கல் தோன்றுவதில்லை. வித்து இருப்பினும் முளைப்பதற்கு நிலமும் நீரும் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும்.

நிலத்தையும் நீரையும் நோக்கிய ஆய்வில் பேராதனைக்குச் சிறப்பிடமுண்டு. பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியலாளரான றோகண சந்திரஜித், சி. பி. திசாநாயக்க ஆகியோர் மருத்துவருடன் இணைந்து, இலங்கையின் சில பகுதிகளைச் சேர்ந்த நோயாளரின் கற்களைக் கனிப்பொருளியல் முறையிற் பகுத்து 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். பாறையை ஆராய்பவர் உடலினுள் விளைந்த கல்லையும் ஆராய முற்பட்டமை குறிப்பிடத்தக்கது. உணவின் பங்கையும் மறத்தலாகாது. ஒட்சலேற்று மிகுந்த காமரங்காக் கனியின் சாற்றை மிகையாகப் பருகியோர்க்குச் சிறுநீரகம் பழுதுற்றமையை இலங்கை மருத்துவர் 2015இலும் 2018இலும் அறிவித்தனர்.

வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து கவனத்துக்கு வந்த, காரணந்தெளியாத நாட்பட்ட சிறுநீரக நோய் கல் நோயினின்றும் வேறானது. ஆயினும் அதுபற்றிய விவாதமும் இதே வினாவையே எழுப்புகின்றது. யப்பானிய, இலங்கை ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட கட்டுரை, அந்நோயாளரிடையே ஒரு பரம்பரையலகு வேறுபாடு மிகுந்திருத்தலைக் காட்டியது. அதனைக் கொண்டு நோயைப் பிறவிக் குறையெனத் தள்ளிவிடல் பொருந்தாது. ஒரு மக்கட் கூட்டத்தின் பரம்பரையலகுகள் ஓரிரு தலைமுறையில் மாறிவிடுவனவல்ல. மாறுவன நீரும் உணவும் தொழிலுமே.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. காரணம் குருதியில் மட்டுமே உளதெனின், நல்ல குடிநீர் வழங்கும் கடமையினின்று ஆள்வோர் விலகிவிடலாம். நோயாளியின் குடும்பமோ பழி சுமக்கும். மரபை முற்றாகப் புறக்கணிப்பின், இளமையிலேயே கல்லுற்ற பிள்ளை உரிய சோதனையின்றிச் சிறுநீரகத்தை இழக்க நேரும். சிறு வயதில் தோன்றிய கல், மீண்டும் மீண்டும் தோன்றும் கல், குடும்பத்தில் தொடரும் கல் ஆகியவற்றிற்குக் குருதிச் சோதனையும், ஊர் முழுவதும் பரவிய நோய்க்குக் கிணற்று நீர்ச் சோதனையும் முதலில் வேண்டற்பாலன. இருநூறாண்டு வரலாறு உணர்த்தும் பாடம் இதுவேயாகும்.