தோலுக்குள் மூன்று இழை

ஆயக்குடியில் கொய்யா வியாபாரம் செய்பவனுக்கு எக்ஸ்ரே ஆராய்ச்சியில் என்ன வேலை? திண்டுக்கல் தோல் ஷாப்பில், ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஆட்டுத்தோல் ஊறுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தத் தோலுக்கு வலு தருவது கொலாஜன் என்ற புரதம், இயற்கை செய்த பாலிமர்.

அதன் அமைப்பு பிடிபடவில்லை என்று, சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1952இல் வந்த இயற்பியலாளர் ஜி.என். ராமச்சந்திரனிடம் சொன்னவர் பிரிட்டன் விஞ்ஞானி பெர்னால். அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையம் கங்காரு வாலின் தசைநாரைக் கொடுத்தது. இங்கே ஆட்டுக்கா பஞ்சம் என்று கேட்கத் தோன்றும். அந்த வால்நாரில் இழைகள் ஒரே திசையில் சீராகக் கிடக்கும்; படம் தெளிவாக விழும். எக்ஸ்ரே கதிர் நாரில் பட்டுச் சிதறி, ஃபிலிமில் கறுப்புப் புள்ளிகளும் வளைவுகளுமாகப் பதியும். அவற்றின் இடைவெளியை அளந்தால், இழையில் ஓர் அமினோ அமிலத்துக்கு ஏறத்தாழ 2.9 ஆங்ஸ்ட்ராம் ஏற்றம். அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசின் என்பதும் நல்ல துப்பு. கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, மூன்று சங்கிலிகள் என்று 1954இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்; அவை கயிறாக முறுக்கிக்கொள்கின்றன என்று 1955இல் திருத்தினார்.

அந்த அமைப்பில் அணுக்கள் இவ்வளவு நெருங்குமா என்று விஞ்ஞானிகள் கிரிக்கும் ரிச்சும் மல்லுக்கு நின்றார்கள். நல்ல சண்டை! அதற்குப் பதில் தேடியதில்தான், ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் 1963இல் வந்தது.